எம்டன் போட்ட இரண்டு டன் இரும்பு

மதராஸ் இரும்பு: வரலாற்றுத் தொடர் – 14

கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு டன் வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸ் மீது சுட்டவை சுமார் 130 குண்டுகள். ஒவ்வொன்றும் பதினாறு, பதினேழு கிலோ. கடலில் விழுந்தது போக மிச்சமெல்லாம் இந்த ஊரின் மணலிலும் மதிலிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும்தான் பாய்ந்தன. அந்த இரும்பெல்லாம் இப்போது எங்கே?

சென்ற பகுதியில் பார்த்த கோட்டைப் பீரங்கிகளுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு போக ஆள் கிடைக்கவில்லை, அதனால் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன. குண்டின் கதை வேறு. அது வெடித்துச் சிதறுவதற்கென்றே செய்யப்பட்டது. சிதறிய துண்டு சட்டைப்பையில் அடங்கும், கை மாறும், காயலான் கடைத் தராசில் ஏறும். கதை மட்டும் ஊரிலேயே தங்கிவிடும். நூறு வருஷம் கழித்து யாராவது ஒரு துருப்பிடித்த இரும்பைக் காட்டி “இது எம்டன் குண்டு” என்று சொன்னால், நம்புவதற்கு என்ன ஆதாரம்? போர்க்காலச் செயலற்ற வெடிபொருள்களைச் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்கள் பொழுதின் பாதி இந்தக் கேள்வியில்தான் போகிறது.

முதலில் அந்த இரவு. ஆனந்த வருஷம், புரட்டாசி மாதம், செவ்வாய்க்கிழமை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை. நவராத்திரி தொடங்கி மூன்றாம் நாள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கொலு வைத்த வீடுகளில் சுண்டல் விநியோகம் முடிந்திருக்கும் நேரம். பிறை நிலா சீக்கிரமே மறைந்துவிட்டதால் வானம் இருட்டு. ஊர் மட்டும் வெளிச்சமாக இருந்தது. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அன்று கலங்கரை விளக்கம் இருந்தது (1894 முதல் 1977 வரை மதராஸுக்கு அதுதான் விளக்கு). முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் அது வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. எதிரிக் கப்பலுக்கு வழிகாட்ட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. கவர்னர் பென்ட்லண்ட் பிரபு ஊட்டியில் இருந்தார்.

எம்டன் பெரிய கப்பல் இல்லை. 1908இல் டான்சிக்கில் கடலில் இறக்கப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கிழக்காசியப் படையைச் சேர்ந்தது. போர் மூண்டதும் கேப்டன் கார்ல் வான் முல்லர் அதைத் தனியாகப் பிரித்துக்கொண்டு இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தார். செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து வங்காள விரிகுடாவில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மூழ்கடித்தார். அதற்குப் பிறகுதான் மதராஸ்.

இரவு ஒன்பதரை மணி வாக்கில் கரையிலிருந்து சுமார் மூவாயிரம் கெஜத்தில் கப்பல் நின்றது. தேடொளி விளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் தெரிந்தன. சுடத் தொடங்கியது. இரண்டு தொட்டிகள் பற்றிக்கொண்டன. ஏறத்தாழ மூன்றரை லட்சம் காலன் எண்ணெய் எரிந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா கப்பலில் குண்டு பட்டது. உயர்நீதிமன்றச் சுவரிலும் நேஷனல் பேங்க் கட்டடத்திலும் பட்டது. குறி தப்பியவை தலைக்கு மேலே பறந்து வேப்பேரி வரைக்கும் போயின. கரையிலிருந்த கிளைவ் பேட்டரி என்ற பீரங்கித் தளம் ஒன்பது முறை பதிலுக்குச் சுட்டது. ஒன்றுகூடப் படவில்லை. அரை மணிக்குள் எல்லாம் முடிந்து, விளக்கை அணைத்துவிட்டு எம்டன் போய்விட்டது. இறந்தவர்கள் ஐந்து பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மறுநாளிலிருந்து ஊரை விட்டு ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில்.

இனி இரும்புக்கு வருவோம். ‘எம்டன் குண்டு’ என்று சொல்லி ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவந்தால், பழக்கமுள்ள சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அது எஃகா பித்தளையா என்பதைத்தான். பித்தளை ஓடு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அந்தக் காலத்து இந்த ரகப் பீரங்கியில் பறப்பது எஃகுக் குண்டு, அதைத் தள்ளும் மருந்து இருப்பது பித்தளை ஓட்டில். சுட்டவுடன் குண்டு பறந்துவிடும். ஓடு பீரங்கியின் பின்பக்கமாகக் கழன்று கப்பல் தளத்திலேயே விழும். எம்டனின் பித்தளை ஓடுகள் அன்றிரவு மூவாயிரம் கெஜத்துக்கு அப்பால் ஜெர்மன் மாலுமிகளின் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. ஒன்றுகூட மதராஸ் மண்ணைத் தொட்டிருக்க வழியில்லை.

ஆனால் இந்த ஊரில் எம்டன் பேர் சொல்லிக் காட்டப்படுவதில் பாதி பித்தளைதான். பெருங்குடியில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு முகப்பில், குடை செருகி வைக்கும் உயரமான பித்தளைக் குவளை ஒன்று இருந்தது. தாத்தா காலத்து எம்டன் குண்டு என்றார்கள். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் “25” என்ற எண்ணும் ‘பவுண்டர்’ என்பதன் சுருக்கமான இரண்டு ஆங்கில எழுத்துகளும் பதிந்திருந்தன. இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கியின் ஓடு அது. எம்டன் நொறுங்கிக் கால் நூற்றாண்டு கழித்துச் செய்தது. முதல் உலகப் போருக்கு உரியதானால் அதே இடத்தில் “18” இருக்கும். அது 18 பவுண்டர் ஓடு, வாயின் விட்டம் 84 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெசொப்பொத்தேமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போன சிப்பாய்கள் இப்படிப்பட்ட ஓடுகளைப் பூக்குவளையாகவும் சாம்பல் கிண்ணமாகவும் தட்டி, பூவேலை செய்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். பாளையங்கோட்டையின் பேரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது. மதராஸ் சாப்பர்கள் மெசொப்பொத்தேமியாவில் பாலம் கட்டினார்கள். அந்தக் குவளைகளுக்கு உண்மையான கதைகள் இருந்தன. நம் ஆட்கள் அவற்றைத் துடைத்துவிட்டு எம்டன் கதையை ஒட்டிவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பாக்தாத் போய்த் திரும்பிய தாத்தாவைவிட ஒரு ராத்திரி வந்துபோன ஜெர்மன்காரன் பெரியவனாகிவிட்டான்.

எஃகுத் துண்டு என்றால் வேலை இருக்கிறது. துண்டின் வெளிப்புறம் வளைவாக இருக்கும், ஏனென்றால் அது ஓர் உருளையின் பகுதி. அந்த வளைவிலிருந்து முழு உருளையின் விட்டத்தைப் பிடித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் நாண் படித்தவருக்கு இது போதும். வளைவின் மேல் 60 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து வளைவு எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 10.5 சென்டிமீட்டர் குண்டானால் அது 9.4 மில்லிமீட்டர் வரும். பிரிட்டிஷ் ஆறு அங்குலக் குண்டானால் 6 மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டும் நன்றாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் பிரிட்டிஷ் நான்கு அங்குலக் குண்டானால் 9.8 வரும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். வெடிப்பில் துண்டே முறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த அளவை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

அங்கேதான் செம்பு உதவிக்கு வரும். குண்டின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை இறுக்கப்பட்டிருக்கும். பீரங்கிக் குழலுக்குள் சுருண்டு ஓடும் வரிப்பள்ளங்களில் இந்த மிருதுவான உலோகம் கடித்துக்கொள்வதால்தான் குண்டு சுழன்றபடி நேராகப் போகிறது. பட்டையில் பதிந்த வரிகளின் அகலம், இடைவெளி, சாய்வு எல்லாம் அந்தக் குழலின் கைரேகை. பட்டை ஒட்டிய ஒரு துண்டு கிடைத்தால், பட்டை இல்லாத பத்துத் துண்டுகளை அதற்காகக் கொடுக்கலாம். வரி பதியாமல் பட்டை வழவழவென்று இருந்தால், அந்தக் குண்டு ஒருபோதும் சுடப்படவே இல்லை என்று பொருள். எங்கோ கிடங்கில் கிடந்து ஏலத்தில் போனது. அதை ‘மதராஸில் விழுந்தது’ என்று விற்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பிறகு முத்திரை. ஜெர்மன் கடற்படையின் சொத்துக்குக் கிரீடமும் அதன் கீழே ‘எம்’ என்ற ஆங்கில எழுத்தும் அடையாளம். சிதறிய துண்டில் இது தப்பிப் பிழைப்பது அதிர்ஷ்டம். ஃபியூஸின் பாகம் கிடைத்தால் வாய்ப்பு அதிகம். ஃபியூஸ் என்பது குண்டின் மூளை, எங்கே எப்போது வெடிப்பது என்று தீர்மானிக்கும் கருவி. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 18 பவுண்டரில் பிரிட்டிஷார் பயன்படுத்திய 80ஆம் எண் நேர ஃபியூஸ் க்ருப் கம்பெனியின் காப்புரிமையின் கீழ் செய்யப்பட்டது; அந்த ஜெர்மன் காப்புரிமைக் குறியே அதில் பொறிக்கப்பட்டது. அதாவது ஜெர்மானியர் மீது விழுந்த குண்டுகளில் ஜெர்மன் கம்பெனியின் முத்திரை. போர் முடிந்ததும் க்ருப் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டது. 1926இல் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். மேஜைக் கனமாக நம்மூரில் கைமாறும் பழைய வளையமிட்ட ஃபியூஸ்களில் இந்தக் குறியைத் தேடிப் பாருங்கள்.

துப்பாக்கித் தோட்டாவின் காலி ஓடு சேகரிப்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பெரிய அகராதி இருக்கிறது. ஓட்டின் அடியில் ‘கே.எஃப்.’ என்று இருந்தால் புனே அருகே கிர்க்கி தொழிற்சாலை. பக்கத்தில் 42 என்றிருந்தால் 1942. கல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆலைக்குத் தனி எழுத்து. உடம்புக்குள் போய் விரியும் தோட்டாவுக்கு உலகம் அந்த ஊரின் பேரையே வைத்து, 1899 ஹேக் மாநாட்டில் அதைத் தடையும் செய்தது. நமக்கு இன்னும் பக்கத்தில், நீலகிரியில் அருவங்காடு. தோட்டாவுக்குள் நிரப்பும் கார்டைட் மருந்துக்காக 1900களின் தொடக்கத்தில் எழுந்த ஆலை. எம்டன் வந்தபோது கவர்னர் இருந்த ஊட்டியிலிருந்து இறங்கும் வழியில், பத்துப் பதினைந்து கிலோமீட்டரில்.

இனிப் பெருங்குடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய்த் தொட்டிகள் இருந்த துறைமுகப் பகுதியிலிருந்து பெருங்குடி நேர்கோட்டில் பதினான்கு கிலோமீட்டர். எம்டனின் பீரங்கி முழு உயரத்துக்கு நிமிர்ந்து சுட்டாலும் எட்டும் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். கப்பலோ கடலுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளி மேற்கே பார்த்துச் சுட்டது. 1914இல் ஏரியும் வயலும் பள்ளிக்கரணைச் சதுப்பும் சூழ்ந்த கிராமமாக இருந்த பெருங்குடியில் ஒரு துண்டுகூடப் பறந்து வந்து விழுந்திருக்காது. இங்கே ஒரு வீட்டில் உண்மையான எம்டன் துண்டு இருந்தால் அது கையால் வந்தது: பாரிமுனையிலிருந்து, அல்லது 1985இல் தீயில் போன மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளிலிருந்து. எனவே கேட்க வேண்டிய கேள்வி யார் பொறுக்கினார், எங்கே, யாருக்குக் கொடுத்தார் என்பது. அந்தச் சங்கிலி ஒரு காகிதத்திலாவது இருந்தால் துண்டுக்கு மதிப்பு. இல்லாவிட்டால் கிலோ கணக்கு.

காயலான் கடையில் தேடுபவர்களை ஏமாற்றும் பொருள் இன்னொன்று உண்டு, வழவழப்பான இரும்பு உருண்டை. பீரங்கிக் குண்டு என்று ஆசையாக வாங்கிப் போவார்கள். பெரும்பாலும் அது சிமெண்ட் ஆலையின் அரைக்கும் உருளைக்குள் கிடந்த இரும்புப் பந்து, அல்லது பள்ளி விளையாட்டு விழாவின் குண்டு எறிதல் குண்டு. பழைய பீரங்கி உருண்டைகள் பவுண்டு கணக்கில், 6, 9, 12, 18, 24 என்று வார்க்கப்பட்டவை. எடையும் விட்டமும் அந்த வரிசையில் பொருந்தாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

இத்தனையும் வெடித்து முடிந்த, அல்லது மருந்து அகற்றப்பட்ட பொருள்களைப் பற்றியது. வெடிக்காத முழுக் குண்டு வேறு விஷயம். அது பழசானால் பயமில்லை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் 2008இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்நாட்டுப் போர்க் காலத்துக் குண்டுகளை வருஷக்கணக்காகச் செயலிழக்கச் செய்து கொடுத்துவந்த அனுபவசாலி ஒருவர், தன் வீட்டு முற்றத்தில் ஒரு கடற்படைக் குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சுமார் நூற்று நாற்பது வருஷப் பழசு. வெடித்தது. அவர் அங்கேயே இறந்தார். ஒரு துண்டு கால் மைல் தள்ளி இன்னொரு வீட்டில் போய் விழுந்தது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் குண்டுகள் பலவற்றில் நிரப்பிய பிக்ரிக் அமிலம் இன்னும் மோசம். உலோகத்தோடு சேர்ந்து காலப்போக்கில் தொட்டாலே வெடிக்கும் உப்புகளாக மாறும். பெல்ஜியத்து வயல்களில் உழவர்கள் இன்றும் வருஷத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட டன் குண்டுகளைக் கிளறி எடுக்கிறார்கள். எடுத்ததைச் சாலையோரம் வைத்துவிட்டு ராணுவத்துக்குச் சொல்கிறார்கள், கழுவிப் பார்ப்பதில்லை. நம் ஊரில் முழுக் குண்டு ஒன்று தென்பட்டால் செய்ய வேண்டியது கைவைக்காமல் விலகி, காவல் நிலையத்துக்குச் சொல்வது. மணம் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, படமெடுக்கப் புரட்டுவது எதுவும் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் ‘வெடிபொருள்’ என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடங்கும். சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் விமான நிலையப் பரிசோதனையில் பையிலிருந்து காலித் தோட்டா எட்டிப் பார்த்தால் இந்த நுணுக்கத்தை அதிகாரிக்கு விளக்கும் வேலை உங்களுடையது. இன்னொன்றையும் பலர் கவனிக்கவில்லை. 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் வரலாற்று முக்கியத்துவமுள்ள, நூறு வருஷம் கடந்த பொருளைத் தொல்பொருள் என்கிறது. 2014 செப்டம்பரில் எம்டன் துண்டுகள் அந்த வயதைத் தாண்டின. ஜெர்மனியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் நல்ல விலைக்குக் கேட்டாலும் தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

சந்தேகமில்லாத துண்டைப் பார்க்க விரும்புபவர் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில் குண்டு பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. இரண்டு டன்னில் பொதுப் பார்வைக்கு நமக்கு மிஞ்சியது ஏறக்குறைய இவ்வளவுதான். மிச்சம் உருக்கப்பட்டிருக்கும், அல்லது துறைமுகத்தை விரிவாக்கியபோது மண்ணுக்கடியில் போயிருக்கும். இரும்பு விலை ஏறியபோதெல்லாம் இந்த ஊர் தன் சரித்திரத்தை எடைக்குப் போட்டிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியர்கள் செய்ததை இதோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. மதராஸை விட்டுப் போன எம்டன் அக்டோபர் 28 அன்று போலிப் புகைபோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு பினாங்குக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலையும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் மாட்டிக்கொண்டு, நொறுங்கி, பவளப்பாறையில் ஏறியது. ஆஸ்திரேலியர்கள் பீரங்கி ஒன்றைக் கழற்றிக்கொண்டுபோய் 1917இல் சிட்னி நகரத்தின் ஹைட் பூங்காவில் நிறுத்தினார்கள், இன்றும் நிற்கிறது. கப்பல் பெட்டகத்திலிருந்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களில் ஆயிரத்தைப் பதக்கமாக்கி, கப்பல்களின் பேரும் தேதியும் பொறித்து, மாலுமிகளுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பதக்கங்கள் இன்று ஏலத்துக்கு வந்தால் சில யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்ல முடிகிறது. எம்டனின் மிஞ்சிய உடலை 1950களில் ஒரு ஜப்பானியக் கம்பெனி வெட்டி, பழைய இரும்பாக எடுத்துப் போனது. கப்பலுக்கும் கடைசியில் காயலான் கடைதான்.

கதைகளுக்கும் இதே பரிசோதனை வேண்டும். எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர் சொல்லித்தான் முல்லர் சுட்டார் என்பது தமிழ்நாட்டில் பலரும் எழுதியும் பேசியும் வருவது. 1914இல் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்காக அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து பெர்லினுக்குப் போனார். கப்பலின் முதல் அதிகாரி மியூக்கே எழுதிய நூலில் அவர் பேர் இல்லை. செண்பகராமன் பெருமைக்கு எம்டன் தேவையில்லை, பெர்லினில் செய்ததே போதும். அந்த மியூக்கே கோகோஸ் தீவில் கரையில் இருந்ததால் பிடிபடாமல், ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக்கொண்டு, அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார். அது தனிக் கதை.

அடுத்த பகுதியில் 1942. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன, மதராஸ் பாதி காலியானது, உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியது. மதராஸில் குண்டு போட ஒரே ஒரு விமானம் வந்ததோ அடுத்த வருஷம் அக்டோபரில், ஊரெல்லாம் திரும்பி வந்த பிறகு.

(தொடரும்)